ஞாயிறு பத்து மணிக் குளியல்

மொன்றியலை எனக்கு நன்றாகத் தெரியும் என்று ரொறன்ரோவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் முதுகலைப் படிப்புக்காகத் திரும்பி வந்தேன். வந்த வாரமே அது வெறும் வாய்வீச்சு என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது பகல் மொன்றியல் மட்டும். இளங்கலை படித்த காலத்தில் நாங்கள் குடும்பமாக, நகரத்தின் ஓரத்தில் இருக்கும் லாசாலில் இருந்தோம். காலையில் பஸ், பிறகு மெட்ரோ, பிறகு வகுப்பு. கடைசி வகுப்பு முடிந்ததும் அதே மெட்ரோ, அதே பஸ், வீடு. கொஞ்சம் இருட்டினாலும் அம்மா ஜன்னலில் நிற்பார். அத்தனை வருடம் படித்த இடத்தில் ஒரு கோப்பிக் கடையில்கூட நான் ஆறுதலாக உட்கார்ந்தது கிடையாது.

பட்டம் கிடைத்த கையோடு, அந்த நாட்களில் எங்கள் ஆட்களில் பலர் செய்ததைப்போல, நாங்களும் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே கோயில், கடை, சொந்தபந்தம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். இனிப் பிரெஞ்சு படிக்கத் தேவையில்லை என்பது அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. நான் ஒரு வங்கியின் தொலைபேசிப் பிரிவில் சேர்ந்து, நான் செய்யாத பிழைகளுக்கு முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். சில வருடங்களில் அது அலுத்துப்போனது. படித்த விஞ்ஞானம் மறந்துபோகிறதே என்ற பயமும் வந்தது. பழைய பேராசிரியர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். வரச் சொன்னார்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வீட்டில் இரண்டு இடத்தில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்பா சில நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, சித்தப்பாவோடு இன்னும் லாசாலில்தான் இருந்தார். அவருடைய மகள் கல்யாணம் கட்டிப் பக்கத்து ஊரான லவாலுக்குப் போன பிறகு ஒரு அறை சும்மா கிடந்தது. நான் அங்கேதான் இருக்கவேண்டும்.

"வெளியிலை அறை எடுத்து நிக்கிறாய் எண்டு கேள்விப்பட்டால், அடுத்த பஸ்ஸிலை வந்து கூட்டிக்கொண்டு வந்திடுவன். பேந்து படிப்பும் இல்லை, ஒண்டும் இல்லை," என்றார் அப்பா.

அப்பா சொன்னால் செய்கிறவர். அம்மா பக்கத்தில் நின்று என் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் பையை வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முதல் இரண்டு கிழமைகள் நான் நல்ல பிள்ளையாக லாசாலில் இருந்து போய்வந்தேன். ஆனால் இளங்கலைப் படிப்பு வேறு, ஆய்வுகூடம் வேறு. வகுப்பு மணி அடித்தால் முடியும். எனக்குத் தந்த வேலை ஈஸ்ட் வளர்ப்பது. கண்ணாடிக் குடுவைக்குள் அது எந்த வேகத்தில் பெருகுகிறது என்று அடிக்கடி எடுத்து அளக்கவேண்டும். அதற்கு என் பஸ் நேரம் தெரியாது. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நேரம் பார்த்துத்தான் அது விறுவிறு என்று பெருகும். மறுநாள் காலை வந்து பார்த்தால் எல்லாம் முடிந்து அடியில் படிந்து கிடக்கும். பேராசிரியர் ஏசவில்லை. "மறுபடி தொடங்கு" என்று மட்டும் சொன்னார். அவர் அதை எத்தனை பொறுமையாகச் சொன்னாரோ அத்தனைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் புட்டைப் பிசைந்தபடியே நான் கண்ணயர்ந்துவிட்டேன். சின்னம்மா என் சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்பிடி என்னத்தைப் பிள்ளை அங்கை செய்யிறாய்?"

"ஈஸ்ட் வளர்க்கிறன் சின்னம்மா."

"பாண் சுடேக்கை மாவுக்குப் போடுறதோ?"

"ஓம், அதுதான்."

சின்னம்மா கண்டிப்பானவர் என்று குடும்பத்தில் பெயர். வெள்ளிக்கிழமை விரதம் தவறாது, பொய் வாயில் வராது, பிறத்தியார் பொய் சொன்னாலும் முகத்தைச் சுளிப்பார்.

"அப்ப அது பொங்கேக்கை நீ பக்கத்திலை நிக்கவேணுமெல்லே," என்றார். "அப்பத்துக்கு மாவைப் புளிக்க விட்டிட்டு ஆரும் ஊர் சுத்தப் போவினமோ?"

என் ஆய்வை இத்தனை சுருக்கமாக நான்கூட யாருக்கும் விளக்கியதில்லை. அடுத்த நாள் நான் வெளிக்கிடும்போது வாசல்வரை வந்தார். "பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஒரு அறை பார். அக்காவோடை நான் கதைக்கிறன்," என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. நான் செருப்பை மாட்டாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்ரை பிள்ளையின்ரை படிப்பை நடுவிலை நிப்பாட்டிக் கல்யாணம் கட்டி வைச்சது நான்தான். அவள் இண்டைக்கும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருக்கும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மொன்றியலில் எல்லோரும் ஜூலை முதலாம் தேதிதான் வீடு மாறுவார்கள். நான் தேடிய நேரம் நல்ல அறைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. கடைசியில் மெட்ரோவுக்குப் பக்கத்தில், தெருவில் இருந்து இரும்புப் படி வளைந்து ஏறும் பழைய கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. மற்ற அறையில் சென்னையில் இருந்து கணினி படிக்க வந்த பெண். நல்லவள், வாய் சும்மா இருக்காது.

"வீட்ல தெரியாம வந்திருக்கீங்களா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியாது. சின்னம்மாவுக்குத் தெரியும்."

"அப்ப பாதி குடும்பத்துக்குத் தெரியும். பரவால்ல," என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்துத் தேநீர் வைத்தாள்.

மிச்சப் பாதிக்குச் சின்னம்மா சொல்வதாக ஏற்பாடு. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு லாசால் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். என் கைத்தொலைபேசிக்கு எடுக்க மாட்டார். அதில் கதைத்தால் காது சூடாகும் என்பது அவருடைய கட்சி. முதல் ஞாயிறு, எல்லாவற்றையும் பக்குவமாகச் சொல்வதற்குச் சின்னம்மா தொண்டையைச் செருமித் தயாராக இருந்திருக்கிறார். அம்மா எடுத்த எடுப்பில் "பிள்ளை எங்கை?" என்று கேட்டுவிட்டார். சின்னம்மாவுக்குப் பேச்சு தடுமாறிவிட்டது.

"குளிக்கிறாள் அக்கா," என்று சொல்லிவிட்டார்.

உடனே எனக்கு எடுத்து அழாக் குறையாகச் சொன்னார். நான் அம்மாவைக் கூப்பிட்டு, குளித்து முடித்த குரலில் கதைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறும் சின்னம்மா உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். அடுத்த ஞாயிறும் நான் குளித்தேன். ஒரு நல்ல பொய்யைக் கண்டுபிடித்த பிறகு இன்னொன்றைத் தேடும் பழக்கம் அவரிடம் இல்லை. கடைக்குப் போனாள், நித்திரை, கோயிலுக்குப் போய்விட்டாள் என்று மாற்றிச் சொல்லுங்கள் என்றேன். "அத்தினை பொய்யும் ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது?" என்று கோபித்தார்.

பிறகு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் வெள்ளிக்கிழமைகளில் லாசாலுக்குப் போய் அவருடைய மரக்கறிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திரும்புவேன். அப்படி ஒரு வெள்ளி, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, ஞாயிறு பத்து மணிக்கு நீ எங்கை நிண்டாலும் குளி," என்றார்.

"ஏன் சின்னம்மா?"

"அப்ப அது பொய்யில்லைத்தானே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆகவே குளித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆய்வுகூடத்துக்குப் போகும் முன் பத்து மணிக்குக் குளியலறை என்னுடையது. சென்னைப் பெண்கூட, "பத்தாகப் போகுது, உங்க சித்திக்காகப் போய்க் குளிங்க," என்று கதவைத் தட்டுவாள். இதற்கிடையில் ஈஸ்ட் என்னோடு சமாதானமாகியிருந்தது. அளவுகள் ஒழுங்காக வரத் தொடங்கின. வேலை முடிந்து இருட்டில் நடந்து அறைக்குத் திரும்பும்போது, டெப்பனர் என்று இங்கே சொல்லும் தெரு முனைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு, இந்த நகரம் கடைசியில் எனக்கும் கொஞ்சம் சொந்தம் என்று நினைப்பேன். அந்த நேரங்களில் எனக்கு இருந்த சந்தோஷம் சின்னதில்லை. அதே அளவுக்குப் பயமும் இருந்தது.

அக்டோபரில், திங்களோடு சேர்த்து மூன்று நாள் நன்றி நவிலல் விடுமுறை வந்தது. சனிக்கிழமை ஆய்வுகூடத்தில் குடுவையைக் கையில் வைத்திருந்தபோது சின்னம்மா கூப்பிட்டார். "அக்கா பஸ்ஸிலை வந்து இறங்கீட்டா. சித்தப்பா கூட்டிக்கொண்டு வரப் போயிட்டார். நீ கெதியா வா."

ஒரு பையில் கைக்கு வந்த உடுப்புகளைத் திணித்துக்கொண்டு ஓடினேன். இத்தோடு முடிந்தது என்றுதான் மெட்ரோவில் நினைத்துக்கொண்டு போனேன். நல்லகாலம், அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன். சின்னம்மா அதற்குள் அறையை ஆள் இருக்கும் அறை ஆக்கியிருந்தார். மேசையில் தன் சீப்பு, கட்டிலில் மகளின் பழைய போர்வை. கதிரையில் ஈரத் துவாய் ஒன்று. அதை எதற்கு நனைத்தீர்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா வந்தார். என்னைத் தடவிப் பார்த்து மெலிந்துவிட்டேன் என்றார். அறையைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார், துவாயைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு இரவும் என் பக்கத்தில் அந்தக் கட்டிலில் படுத்தார். கல்யாணப் பேச்சை எடுப்பார் என்று காத்திருந்தேன், அதையும் எடுக்கவில்லை. கொண்டுவந்த சாமான்களைச் சின்னம்மாவிடம் பிரித்துக் கொடுத்தார். புத்தம்புதிய சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை மட்டும் பெட்டியோடு ஒரு பக்கத்தில் வைத்தார். சின்னம்மா வீட்டில்தான் பெரிய குக்கர் இருக்கிறதே என்றேன். "இருக்கட்டும்," என்றார்.

திங்கள் அவரைப் பஸ் நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவர் அந்தக் குக்கரைத் திரும்பவும் பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டார். தங்கையின் வீட்டில் ஏதோ மனத்தாங்கல், கொண்டுவந்ததையே திருப்பிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மெட்ரோவில், "உன்ரை யூனிவர்சிட்டியை ஒருக்கால் காட்டு பிள்ளை. முந்தி நீ படிக்கேக்கை நான் வந்து பாக்கவேயில்லை," என்றார்.

காட்டினேன். மேப்பிள் இலைகள் சிவந்து கிடந்தன. விடுமுறை என்பதால் ஆட்கள் இல்லை. ஆய்வுகூடத்தின் ஜன்னலைக் கீழிருந்து காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றவர் சாதாரணமாகக் கேட்டார்.

"இனி அறையைக் காட்டு. எந்தப் பக்கம்?"

"எந்த அறை?" என்றேன்.

"ஒரு பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் சொல்லி வைச்ச மாதிரிப் பத்து மணிக்கே குளிக்குமோ?" என்றார் அம்மா. "நான் எடுக்கிற நேரத்தை ஒருநாள் ஒம்பதுக்கு மாத்திப் பாத்தன். அப்பவும் குளிக்கிறாய். உன்ரை சின்னம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏனம்மா ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ சொல்லுவாய். சொன்னால் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சால் கொப்பருக்குச் சொல்லவேணும்," என்றார். "எனக்குத் தெரியாது எண்டால், ஆர் கேட்டாலும் நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கு முன்னால் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் நின்ற அம்மா மீது எத்தனை இரவு கோபப்பட்டிருப்பேன். அவர் அன்றே எனக்காக வாயை மூடிக்கொண்டார் என்று தெருவில் நிற்கும்போதுதான் விளங்கியது.

என் கட்டடத்துக்குக் கூட்டிப்போனேன். மேலே வாருங்கள் என்றேன். வளைந்து ஏறும் இரும்புப் படியில் கை வைத்தவர் வரமாட்டேன் என்றார். "ஏறிப் பாத்தால் பாத்தனான் எண்டு ஆயிடும். எது உன்ரை ஜன்னல் எண்டு மட்டும் சொல்லு." காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். இன்னும் தடித்த திரைச்சீலை போடவேண்டும், பனிக்காலத்தில் இந்தப் படி வழுக்கும், கைப்பிடியை விடாமல் இறங்கு என்றார். பிறகு குக்கரை என் கையில் தந்தார்.

"சின்னம்மாவுக்குச் சொல்லாதை," என்றார். "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பொய் சொல்லப் பழகியிருக்கிறாள். எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் வெட்கத்திலை என்னோடை கதைக்க மாட்டாள்."

அடுத்த ஞாயிறு, அவசரத்தில் விட்டுவந்த உடுப்புகளை எடுக்க லாசாலுக்குப் போனேன். சின்னம்மா இடியப்பமும் சொதியும் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது. நான் எதிரில் காய்ந்த தலையோடு உட்கார்ந்திருக்கிறேன். சின்னம்மா பழக்கதோஷத்தில், "குளிக்கிறாள் அக்கா," என்றார். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்து வாயில் கை வைத்தார்.

அம்மாவின் குரல் எப்போதும் உரக்க ஒலிப்பது. எனக்கே கேட்டது.

"நல்லாத் தலை துவட்டச் சொல்லு. அங்கை குளிர் தொடங்கீட்டுதாம்."

"ஓம் அக்கா, சொல்லுறன்," என்றார் சின்னம்மா. ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "பாத்தியே, நம்பீட்டா," என்று மெதுவாகச் சொன்னார். முகத்தில் அத்தனை பெருமை.

நான் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்க் குளித்தேன். தலையையும் நன்றாகத் துவட்டினேன்.