எந்தக் கையை ஊன்றி எழுந்தாள்

சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உள்ளங்கையைத் தரையில் அழுத்தி எழுந்திருக்கும்போது, வளையல்கள் மணிக்கட்டுக்குச் சரிந்து சிவப்புச் சிமெண்ட் தரையில் உரசி ஓர் ஓசை எழும். திருவானைக்காவலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அம்மா மறுபடியும் உண்டாகியிருந்த அந்தக் கோடையில், அந்த ஓசை கேட்டதுமே அத்தை சட்டென்று தலையைத் திருப்புவார். வலது கையை ஊன்றி எழுந்தால் ஆண், இடது கையை ஊன்றினால் பெண் என்பது அவருடைய கணக்கு.

அத்தை அப்பாவின் அக்கா. கணவரை இழந்து எங்களோடு வந்து இருந்தவர். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த அப்பா, அவர் சொன்ன எதையும் மறுத்ததில்லை. நாங்கள் மூன்று பேரும் பெண்கள், நான் மூத்தவள். டவுனில் அப்போதுதான் ஸ்கேன் வந்திருந்தது, கேட்டால் என்ன பிள்ளை என்று சொல்லியும் விடுவார்கள். முந்தைய முறை உண்டானபோது அம்மாவை அங்கே கூட்டிப்போய், பெண் என்று தெரிந்ததும் அன்றைக்கே "முடித்து"க் கூட்டிவந்தார்கள். எங்களிடம் காய்ச்சல் என்றார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மாவைப் பார்த்து, அது காய்ச்சல் இல்லை என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

"இந்தத் தடவை அடையாளம் எல்லாம் சரியா இருந்தா டவுனுக்குப் போக வேணாம்டா. எதுக்கு வீண் செலவு? இல்லேன்னா போயிட்டு வந்துடலாம்" என்று அத்தை அப்பாவிடம் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து, அம்மா தன் உடம்பையே பொய் சொல்லப் பழக்க ஆரம்பித்தாள். மசக்கையில் புளிப்பு கேட்டால் ஆண் என்பார்கள் என்று, பல் கூசக் கூச மாங்காயைக் கடித்தாள். முகம் பளபளத்தால் பெண் என்பார்கள் என்று மஞ்சள் பூசுவதை விட்டாள், வெயிலில் நின்றே துணி உலர்த்தினாள். அதையெல்லாம் சமாளித்துவிட்டாள். கைதான் சொன்னபடி கேட்கவில்லை.

அம்மா பிறவியிலேயே இடதுகைக்காரி. சாப்பிடுவதற்கு மட்டும் சிறுவயதில் அடித்து வலது கையைப் பழக்கியிருந்தார்கள், மற்ற எல்லாவற்றுக்கும் முதலில் நீள்வது "பீச்சாங்கை"தான். சாப்பிட்டு எழும்போது பார்ப்பது செல்லாது, எச்சில் கையை யாரும் தரையில் வைக்க மாட்டார்கள் அல்லவா. அதனால் அவள் அரிவாள்மணையில் காய் நறுக்கும்போதோ பூக்கட்டும்போதோ, அத்தை திடீரென்று "கமலா, வாசல்ல யாரு பாரு!" என்று குரல் கொடுப்பார். அம்மா பதறி எழுவாள். இடது கை வளையல்கள்தான் தரையில் உரசும்.

மாடி வீட்டு பாக்கியம் அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்: "அவளுக்கு எல்லாமே பீச்சாங்கைதானே. நாலு பிள்ளையும் ஆம்பளயா இருந்தாலும் அதைத்தான் ஊனுவா. அதை வச்சு என்னத்தக் கண்டீங்க?"

"கைப்பழக்கம் வேற, கர்ப்பம் காட்டுறது வேற. நான் பாக்காத வயிறா? நீ போயி உன் குழம்பப் பாரு, தீயுது" என்றார் அத்தை.

மத்தியானத்தில் அத்தை கண்ணயர்ந்ததும் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போவாள். "நான் நினைக்காத நேரத்துல கூப்பிடு தேவி. மெதுவாக் கூப்பிடு." துவைகல்லுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்க, கதவுக்குப் பின்னாலிருந்து நான் "அம்மா!" என்பேன். இடது கை போய்விடும். அந்தக் கையைத் தானே ஓங்கி அடித்துக்கொண்டு மறுபடி உட்காருவாள். முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பழகினாள். கட்டை அவிழ்த்ததும் பழையபடிதான். "இதுவும் உங்களை மாதிரி பொண்ணுதான்டி. எனக்குத் தெரியுது. இன்னொரு தடவை என்னால அங்க போய்ப் படுக்க முடியாது" என்று என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நான் எதையும் அதிகம் கேட்காத பிள்ளை.

வெள்ளிக்கிழமை போகலாம் என்று அத்தை சொல்லிவிட்டார். அதற்கு முந்தின காலை, அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி முழுவதும் சட்டியில் இறங்கியதும் பானையை நிதானமாக நகர்த்தி வைத்தாள், இடது கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், பிறகு அந்தக் கையைக் கொதிக்கும் கஞ்சிக்குள் விட்டாள். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்து, சட்டியைக் காலால் தள்ளிக் கவிழ்த்த பிறகுதான் கத்தினாள்.

"கை தவறிடுச்சு அண்ணி."

டாக்டர் முழங்கை வரை கட்டுப்போட்டு அனுப்பினார். அன்று சாயங்காலமே அத்தை வழக்கம்போல் "கமலா, பால்காரன்!" என்றார். அம்மா வலது கையை ஊன்றி எழுந்தாள். வெந்த கையை யார் ஊன்றுவார்கள் என்று இப்போது கேட்கத் தோன்றும். அத்தைக்கு அப்படித் தோன்றவில்லை. "பாத்தியாடா? பீச்சாங்கைய ஊன விடக் கூடாதுன்னு உள்ள இருக்கறவனே அதை முடக்கிட்டான். சிங்கக்குட்டிடா!"

"அப்ப நாளைக்குப் போக வேணாமாக்கா?"

"ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா ஸ்கேனு?"

எனக்குப் பிறகு அம்மாவுக்கு நடக்காத வளைகாப்பு அந்த முறை நடந்தது. தெருவே வந்து சாப்பிட்டுப் போனது. அத்தை தன் கையால் அம்மாவுக்குப் பால் ஆற்றிக்கொடுத்தார். கொடுக்கக் கொடுக்க அம்மா இளைத்துக்கொண்டே போனாள். பிறக்கப்போவது என்னவென்று தெரிந்துகொண்டு, அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் அவள் எப்படி நாட்களைத் தள்ளினாள் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பிறந்தது பெண்தான். அத்தை வார்டு வாசல் வரை வந்து, "ஏமாத்திட்டியேடி பாவி" என்று சொல்லிவிட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். குழந்தைக்கு மீனா என்று அம்மா தானே பெயர் வைத்தாள். அப்பா வெகுகாலம் மண்டியிலேயே சாப்பிட்டார்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அத்தையும் இல்லை, அப்பாவும் இல்லை. இப்போது எல்லார் வீட்டிலும் மேஜையில் சாப்பாடு, நாற்காலியில் இருந்தபடி காய் நறுக்குகிறார்கள், யார் எந்தக் கையை ஊன்றுகிறார்கள் என்று பார்க்கத் தரையில் உட்காருபவர்களே இல்லை. ஸ்கேன் எடுக்கும் இடங்களில், சொல்லவும் மாட்டோம், கேட்கவும் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

அம்மா துவாக்குடியில் என்னோடு இருக்கிறாள். நினைவு தப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீனா பஸ் ஏறி அவளைப் பார்க்க வருவாள். மீனாவுக்கு அச்சு அசல் அத்தையின் உயரம், அத்தையின் குரல். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, கட்டிலின் மூலைக்கு ஒதுங்கிப் போகிறாள். "டவுனுக்கு வேணாம் அண்ணி. இது ஆம்பளப் பிள்ளைதான் அண்ணி. சத்தியமா."

மீனா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். "சரி, ஆம்பளப் பிள்ளைதான். யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. தூங்கும்மா."

அம்மா கண்ணை மூடியதும் என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே கேட்கிறாள்: "யாரைக்கா சொல்லுது அம்மா? எந்தப் பிள்ளையை?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் உள்ளே போய்விடுகிறேன்.