மாமியாரோடு படகில் ஒரு மார்கழி

மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் காலம் தள்ளுவதே பெரிய சாதனை என்பார்கள். நாங்கள் ஒரே படகில் தள்ளினோம், கார்த்திகையிலிருந்து தை வரை. புயலில் பழவேற்காட்டு வீட்டின் சிமெண்ட் ஷீட் பறந்து, உள்ளே முழங்கால் தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடத்தில் ஊரோடு போய்ப் படுக்க மாமியாருக்கு இஷ்டமில்லை. ஏரியில் நின்ற எங்கள் ஃபைபர் படகில் தார்ப்பாய் கட்டி, அடுப்பை ஏற்றி, இதுதான் வீடு என்றுவிட்டார். கணவர் பெரும்பாலும் கூட்டாளியின் படகில் கடலுக்குப் போய்விடுவார். மிச்சம் நாங்கள் இருவர்தான்.

நான் ஆரம்பாக்கத்தில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். நீச்சல் தெரியாது. முதல் வாரம் தின்றதெல்லாம் ஏரிக்கே போனது. மாமியாரோ அந்த ஆட்டத்திலும் ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாமல் சமைப்பார். மார்கழிக் காலையில் காற்று சில்லென்று அடிக்கும். தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் காலைத் தொங்கவிட்டபடி இறால் உரிப்பார். பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

எங்களுக்குள் ஒரே சண்டை என் வேலைதான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் நான் காண்ட்ராக்ட். பொம்பளை அங்கே போய் என்ன கிழிக்கிறாள் என்று முனகிக்கொண்டேதான் தினமும் கழி ஊன்றி என்னைத் துறையில் விடுவார்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில், நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். எட்டு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் அவ்வளவுதான். இரண்டு வருடமாக நான் காத்திருந்த நாள் அது. முந்தின மாலை மாமியார் வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் படகை நான் கட்டினேன். எங்கள் ஊரில் மாட்டுக்குக் கயிற்றை நீளமாக விட்டால் அடுத்தவன் நாற்றை மேய்ந்துவிடும். அதே பழக்கத்தில் கரைக்குக் கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் ஊன்றியிருந்த முளையில் குறுக்கிக் கட்டி, இரண்டு முடிச்சும் போட்டேன். படகுக்கு அது நேர்மாறு. கடலோடு சேர்ந்த ஏரி; கடல் வற்றும்போது இதிலும் தண்ணீர் இறங்கும், அப்போது படகும் ஆழத்துக்கு நகர வேண்டுமாம். விடிகாலையில் பார்த்தால் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. கரைக்கு ஐம்பது அடி; தொடையளவு சேறு. தண்ணீர் திரும்புவதற்குள் கம்பெனி வேன் போய்விடும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று திட்டு வாங்க நான் தயாராகவே இருந்தேன். மாமியார் கயிற்றைப் பார்த்தார், என் யூனிஃபார்மைப் பார்த்தார். புடவையை வரிந்து கட்டிச் சேற்றில் இறங்கி, முதுகைக் காட்டினார்.

"ஏறும்மே. உடுப்பு சேறாச்சின்னா உள்ள உடமாட்டான்."

நானே நடக்கிறேன் அத்தை என்றேன்.

"நாப்பது வருசமா எனக்கு இதான் வேல. உனக்கு வேணாம்."

நான் ஒன்றும் பூப்போல இருப்பவள் இல்லை. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். கீழே போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். என்னை ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏற்றிக்கொண்டு நடந்தார். கரையில் இறக்கியதும், வண்டி போய்விடும், ஓடு என்றார். ஓடினேன்.

வேலை கிடைத்தது. படகை மாடு மாதிரி கட்டிய மருமகள் கதையை மாமியார் இன்றும் மீன் மார்க்கெட்டில் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் படகு சேற்றில் உட்கார்ந்ததோடு கதையை முடித்துவிடுவார். மிச்சத்தை மகனிடம்கூட மூச்சுவிடவில்லை. ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"மாமியா முதுவுல ஏறிக்கினு போனான்னு உன்னத்தான பேசுவாங்க" என்றார்.