ஹம்மர்பெஸ்ட் போகும் வழியில் ஒரு தாழ்ப்பாள்

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எல்லிங்ஸ்ருட்டில் உள்ள எங்கள் வீட்டில் இருந்து புறப்பட்டோம், நானும் மாமியும். மாமி என் கணவர் ரவியின் தாய். கோடைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தார். காருக்குப் பின்னால் நாலு மீட்டர் நீளமான கரவன் ஒன்று, இழுத்துக்கொண்டு போகும் வீட்டுவண்டி. என்னோடு வேலை செய்பவரிடம் இரண்டு வாரத்துக்கு எட்டாயிரம் குரோனருக்கு வாடகைக்கு எடுத்தேன். போகும் இடம் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்ட். ஈ-6 வீதியால் இரண்டாயிரம் கிலோமீட்டரை எட்டும். ரவி நோர்வேக்கு வந்த புதிதில் நாலு வருடம் அங்கே மீன் வெட்டினார். அந்த ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது மாமியின் ஆசை. ரவியோ, "நான் பார்த்தது காணும், நீங்கள் போட்டு வாங்கோ" என்று வேலைக்குப் போய்விட்டார்.

கரவனில் ஒரேயொரு குறை. கழிப்பறையும் சேர்ந்த குளியலறையின் கதவு பூட்டாது. "அது பழைய வியாதி" என்றார் உரிமையாளர். எனக்குச் சிரிப்பு வந்தது. புருசெத்தில் மூன்று அடுக்குமாடிகளுக்கு நான்தான் வக்த்மெஸ்தர். கதவோ குழாயோ, கட்டடத்தில் எது கெட்டாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். புறப்படுமுன், எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள சரிவான தரிப்பிடத்தில் கரவனை நிறுத்தி, அதன் அடியில் உள்ள மூலைக் கால்களை நன்றாக இறக்கி முறுக்கிவிட்டுப் பார்த்தேன். தாழ்ப்பாளின் நாக்கு, கதவு நிலையில் இருந்த தகட்டின் துளைக்கு நாலு மில்லிமீட்டர் மேலே முட்டியது. தகட்டைக் கழற்றி அவ்வளவும் உயர்த்திப் பூட்டினேன். இருபது நிமிட வேலை. "இனி யானை தள்ளினாலும் திறவாது மாமி" என்று அறிவித்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு, ஹாமருக்குச் சற்று முன்னால் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினோம். தேநீர் 38 குரோனர், வெறும் சுடுதண்ணீருக்கு அது கொள்ளை. மாமிக்குச் சிறுநீரகத்தில் கல். நாளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீராவது குடிக்க வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. நல்ல பிள்ளையாகத் தேநீரையும் ஒரு போத்தல் தண்ணீரையும் முடித்தார். நிலையத்தின் கழிப்பறைக்கு முன்னால் ஒரு பேருந்துக் கூட்டமே வரிசையில் நின்றதால், "எங்கடை கரவன் இருக்கேக்கை ஏன் மாமி?" என்று பெருமையாக உள்ளே அனுப்பினேன்.

பெரிய லொறி ஒன்று பக்கத்தால் போனது. கரவன் ஒரு குலுக்குக் குலுங்கியது. குளியலறைக் கதவு தானாகவே அகலத் திறந்தது. காற்றுக்காக வெளிக்கதவை வேறு நான் திறந்து வைத்திருந்தேன். மாமி எட்டிப் பிடித்துச் சாத்திக்கொண்டார்.

"ஒருத்தரும் பார்க்கேல்லை மாமி."

"ஓம்" என்றார் வெளியே வந்து. அவ்வளவுதான். அதன்பிறகு அவர் ஒரு துளி தண்ணீர் குடிக்கவில்லை. ஹாமரில் நீட்டினேன், மொயெல்வில் நீட்டினேன். "தாகமில்லை பிள்ளை" என்று போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

மூன்று இருபதுக்கு லில்லேஹாமர். நூற்றெண்பது கிலோமீட்டர் வந்திருந்தோம். ஏரிக்கரை முகாமில் ஓர் இரவுக்கு 390 குரோனர், மின்சாரத்தோடு. பொதுக் கழிப்பறை இருநூறு மீட்டர் தள்ளி, மேட்டில். மாமியின் முழங்காலுக்கு அது மலை. ரவி தொலைபேசியில் எடுத்தார். உண்மையைச் சொன்னேன். "குடிக்கமாட்டன் எண்டால் நாளைக்கே திருப்பிக் கொண்டு வாரும். அங்காலை போகப்போக ஆஸ்பத்திரியும் தூரம்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு தாழ்ப்பாளுக்காக மாமியின் ஹம்மர்பெஸ்ட் போகப்போகிறது, அதுவும் என் கைவேலையால்.

கரவன் இனி அசையக்கூடாது என்று நாலு மூலைக் கால்களையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். கதவு முன்னரை விட மோசமாக இடித்தது. அரத்தை எடுத்துத் தகட்டை ராவத் தொடங்கினேன். அடுப்படியில் மாமி முட்டை பொரிக்கச் சட்டி வைத்திருந்தார்.

"பிள்ளை, எண்ணெய் முழுக்க ஒரு மூலையிலை போய் நிக்குது. இந்த வீடு சரிஞ்செல்லோ கிடக்கு?"

அரத்தோடு அப்படியே நின்றேன். அந்த மூலைக் கால்கள் வண்டி ஆடாமல் தாங்குவதற்கு, தூக்குவதற்கு அல்ல. முறுக்கித் தூக்கினால் மெல்லிய கூடு முறுகும், கதவு நிலையும் கூடவே முறுகும். எல்லிங்ஸ்ருட் சரிவில் நான் செய்ததும் இதுதான். உரிமையாளரும் இத்தனை வருடமாக அப்படித்தான் நிறுத்தியிருப்பார். முறுகிய நிலைக்கு அளவெடுத்துத் தகட்டை மாற்றியிருக்கிறேன். வீதியில் ஏறியதும் கூடு நிமிர்ந்துவிட்டது. கட்டடக் கதவுகளோடே ஒன்பது வருடம் மாரடித்த எனக்கு, கட்டடம் நடக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கால்களைத் தளர்த்தினேன். தாழ்ந்த பக்கச் சில்லின் கீழே இரண்டு பலகை வைத்து ஏற்றினேன். "எண்ணெய் இப்ப நடுவிலை" என்று மாமி உள்ளே இருந்து சொன்ன பிறகுதான் கால்களை நிலத்தில் தொடும் அளவுக்கு இறக்கினேன். தகட்டைப் பழைய துளைகளுக்கே திருப்பிக் கொண்டுபோனேன். துளைகள் தேய்ந்திருந்தன. மாமி கொடுத்த நெருப்புக்குச்சிகளை உடைத்துப் பசையோடு செருகி, அதன்மேல் திருகாணிகளை முடுக்கினேன். நாக்கு துளைக்குள் நேராகப் போய் இறங்கியது.

நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்தபடியே மாமி சொன்னார்: "இடம்பெயர்ந்து முகாமிலை இருந்த காலம் சாக்குத்தான் கதவு. ஒராள் உள்ளை போனால் மற்றாள் வெளியிலை சாக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும். விடியமுதல் ஒருக்கா, இருண்டாப்பிறகு ஒருக்கா. அதுக்காகப் பகலிலை ஒருத்தரும் தண்ணி குடிக்கிறேல்லை. இந்தக் கல்லே அப்ப வந்ததுதான்."

பதினாறு வருடம் இவரின் மருமகள் நான். கல் எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. லொறி போனபோது "ஒருத்தரும் பார்க்கேல்லை" என்று சொன்னதை நினைக்க வெட்கமாக இருந்தது.

மாமி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். எடுத்தார். திரும்பப் போட்டார். ஐந்து தரம். நான் வெளியே இருந்து தோளால் இடித்துப் பார்த்தேன், கதவு அசையவில்லை. வேலை முடிந்தும் அங்கிருந்து விலக மனம் வரவில்லை, கைப்பிடியில் கைவைத்தபடி நின்றேன்.

உள்ளே இருந்து குரல் வந்தது. "பிள்ளை, இனி ஒராள் பிடிச்சுக்கொண்டு நிக்கத் தேவையில்லை. போய்த் தேத்தண்ணியை வையும். பெரிய கோப்பையிலை."