நாற்பது பேரும் குடித்தார்கள்

பரீனா ராத்தாவின் இரண்டு முன்கைகளிலும் பல் பதிந்த தழும்புகள் இருந்தன. எல்லாம் சின்னப் பற்கள். மாம்புரிப் பக்கத்தில் இருந்த எங்கள் மருந்தகத்தில் அவர் சிற்றூழியர், நான் மருந்து கட்டிக் கொடுப்பவன். கூட்டுவது, துடைப்பது, சீட்டு எடுத்து வைப்பது என்றுதான் அவருடைய நியமனக் கடிதத்தில் இருந்தது. கரையோரத்துத் தாய்மார் அவரைத் தேடி வந்தது வேறு வேலைக்கு. மருந்தைக் கண்டதும் வாயை இறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மருந்து ஊற்ற அவரைவிட்டால் ஆளில்லை.

பிள்ளையை மடியில் மல்லாக்கப் போடுவார். கால்களைத் தன் முழங்கால்களுக்கிடையில் நெரித்து, கைகளிரண்டையும் ஒரு கையால் பூட்டி, மற்றக் கையால் மூக்கைப் பொத்துவார். மூச்சுக்குத் தவித்து வாய் திறந்ததும் தாய் கரண்டியைச் சரிக்க வேண்டும். பிள்ளை கடிக்கும், உதைக்கும், மூத்திரம் பெய்யும். ராத்தா அசைய மாட்டார். "மௌத்தாகிறதை விட அழுறது நல்லம்" என்பார். நாங்கள் சிரிப்போம். பெரிதாகச் சிரித்தவன் நான்தான். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அவர் கல்நெஞ்சுக்காரி இல்லை. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர். ஓலைக் கொட்டிலில் மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல். மருந்து கையில் இருந்தது. மகன் துப்பித் துப்பி விட, மூன்று நாளும் அவனிடம் கெஞ்சினாராம். நாலாம் நாள் அடக்கம். "நான் கெஞ்சிக்கிட்டு இருந்ததாலதான் புள்ள மௌத்தாச்சு, கஜமுகன் தம்பி" என்று ஒரேயொரு தரம் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பிள்ளையிடமும் கெஞ்சியதில்லை.

சண்டை முடிந்து ஐந்து வருடம் கழித்து டொக்டர் கஜலக்ஷ்மி ஓர் ஆய்வோடு வந்தார். வலிப்பு நோய்ப் பிள்ளைகள் நாள்தோறும் குடிக்கிற பாணி மருந்து சரியான கசப்பு. அதே மருந்து தண்ணீரில் கரைகிற குளிசையாகவும் வந்திருந்தது, ஆனால் கொஞ்சமாகத்தான் வந்தது. பாணியைத் தாமாகக் குடிக்கிற பிள்ளைகளுக்குப் பாணி, மறுக்கிற பிள்ளைகளுக்குக் குளிசை என்று ஏற்பாடு. முழுதாகக் குடித்ததா, பாதியா, துப்பியதா, மறுத்ததா என்று பார்த்துப் படிவத்தில் புள்ளடி போட வேண்டும்.

"பிடிக்க வேண்டாம், அதட்ட வேண்டாம். மறுத்தா மறுத்ததெண்டு போடுங்கோ, அது பிழையில்லை" என்று டொக்டர் மூன்று தரம் சொன்னார். நாலாம் தரம் சொல்ல அவர் அங்கே இருக்கவில்லை. வேறு மருந்தகங்களும் அவர் தலையில்தான் இருந்தன. படிவக்கட்டு எங்கள் கைக்கு வந்தது.

நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். நாற்பது பேரும் முழுதாகக் குடித்தார்கள்.

"ராத்தா, டொக்டர் பிடிக்க வேண்டாமெண்டெல்லோ சொன்னவ?" என்று கேட்டேன்.

"புடிக்காம எந்தப் புள்ள மருந்து குடிச்சிரிக்கி? உள்ளுக்குப் போச்சா இல்லயா? போச்சி. போடுங்க தம்பி."

போட்டேன். நாற்பது புள்ளடியும் என் கையால் விழுந்தவை.

அந்த நாற்பதில் ஒருத்தி மபாஸா, ஐந்து வயது. வாப்பா ஜபார் கரைவலை இழுக்கிறவன், உம்மாவின் பெயர் சித்தி லெய்லா. பாணிப் போத்தலைக் கொடுத்தனுப்பும்போது ராத்தா ஜபாருக்குப் பிள்ளையைப் பிடிக்கிற விதத்தையும் செய்து காட்டினார். "இரக்கம் பாத்தீங்கண்டா புள்ளய வலிப்புக் கொண்டு போயிரும்" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை ஜபார் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பிள்ளையின் சட்டை முழுக்க இரத்தம். மேலுதடு கிழிந்து, முன்பற்கள் இரண்டும் போயிருந்தன. இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்து தொங்கியது. அவன் பெருவிரலில் எலும்பு தெரியக் கடி. கடித்த வலியில், கரண்டி வாய்க்குள் இருக்கும்போதே அறைந்துவிட்டான். அவன் முழங்காலுக்கடியில் கிடந்த கை, பிள்ளை துள்ளிய துள்ளலில் முறிந்துவிட்டது. ஒன்பது நாளும் உள்ளே போன மருந்தைவிடப் பாயில் சிந்தியதுதான் கூட. வாங்கில் கிடத்தியதும் வலிப்பு வந்தது. முறிந்த கையோடு அந்தச் சின்ன உடம்பு பலகையில் அடித்துக்கொண்ட சத்தத்தை என் எதிரிகூடக் கேட்கக் கூடாது. நான் பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு அம்புலன்சுக்குக் கத்தினேன்.

ஜபார் ராத்தாவைக் கழுத்தில் பிடித்துச் சுவரோடு மோதினான். "நீங்க காட்டின மாதிரித்தான் புடிச்சேன்! அப்பிடியேதான் புடிச்சேன்!" என்று அலறி அலறி அறைந்தான். ராத்தாவின் மூக்கால் இரத்தம் வழிந்தது. எத்தனையோ பிள்ளைகளை அடக்கிய அந்தக் கைகளை அவர் தூக்கவேயில்லை. சீட்டுக்கு நின்ற இரண்டு பேர் அவனை இழுத்து விழுத்தினார்கள். விழுந்த இடத்திலிருந்தே மகளின் காலைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டு அழுதான்.

மறுநாள் ராத்தா வீங்கிய முகத்தோடு டொக்டருக்கு முன்னால் போய் நின்றார். "நாப்பதும் பொய் டொக்டர். ஒரு புள்ளயும் குடிக்கல்ல. நான் ஊத்தினேன்."

"போட்டது நான்" என்றேன் நானும்.

டொக்டர் படிவக்கட்டைச் சுவரில் எறிந்தார். "என்ர ஆய்வு நாசமாப் போகட்டும். மறுத்ததெண்டு ஒரு புள்ளடி போட்டிருந்தா அண்டைக்கே அந்தப் பிள்ளைக்குக் குளிசை குடுத்திருப்பனே!"

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஊசியால் மருந்து ஏற்றிப் பிள்ளையைத் தேற்றி அனுப்பினார்கள். ஆனால் ஊசியோடு காலம் தள்ள முடியாது. இனிக் குளிசையையும் மறுத்தால் அடுத்த வலிப்பில் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். முறிந்த கையில் மாக்கட்டோடு மபாஸா வந்த அன்று ராத்தா தானும் உள்ளே இருக்கக் கேட்டார். "நான் புடிக்க மாட்டேண்டு புள்ளக்குச் சொல்லணும்" என்றார். மூலையில் கதிரை போட்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மபாஸா அவரைக் கண்டாள். நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டு மேசைக்கடியில் புகுந்துகொண்டாள்.

"மகள், நான் தொட மாட்டேன். வல்லாஹி, தொட மாட்டேன்."

பிள்ளை பல்லில்லாத வாயை மாக்கட்டால் பொத்திக்கொண்டது.

"பரீனா, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றார் டொக்டர்.

ராத்தா எழுந்து போய் முற்றத்து வெயிலில் நின்றார். உள்ளே சித்தி லெய்லா குளிசையைக் கரைத்துக் கோப்பையைத் தரையில் வைத்தாள். பிள்ளை நெடுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஊர்ந்து வந்து, நல்ல கையால் கோப்பையை எடுத்து, சொட்டு விடாமல் குடித்தது.

சித்தி லெய்லாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வெளியே ஓடிப்போய் ராத்தாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, குடிச்சிட்டா! நீங்க போனதும் தானாவே எடுத்துக் குடிச்சிட்டா!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ராத்தா.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மபாஸா வருகிற நாள். அன்றைக்கு ராத்தா லீவு.