சியாமாங்குக்குப் பெரட்டு

காட்டில் குரங்கு காட்டிப் பிழைக்கிறவனுக்கு எல்லாமே கைவசம் இருக்கும், குரங்கைத் தவிர. ஆளை வரவழைத்துவிட்டுச் சரக்கு இல்லாமல் விழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் வலி புரியும். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் இரண்டு முட்டியும் இங்கேயே கழன்று விழட்டும்!

எண்பதுகளின் தொடக்கம். தைப்பிங் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை வைத்தார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த நான், ஈப்போவில் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவரிடம் மலை வழிகாட்டியாகச் சேர்ந்தேன். சியாமாங் என்பது கன்னங்கரேலென்ற, வாலில்லாத குரங்கு. கத்தினால் கழுத்துப் பை பந்துபோல உப்பும். அதைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி வந்தார்கள்.

பட்டை பார்த்த கண்

முதல் நடையில் நாலு பேர். இருபது வருஷமாக மரத்தில் என் கண் போன இடம் நெஞ்சு உயரம்தான். அங்கேதானே வெட்டு விழும்? காட்டிலும் அப்படியே மரத்துக்கு மரம் பட்டையைத் தடவிக்கொண்டு போனேன். வழிகாட்டி பார்க்கிற இடத்தைத்தானே வந்தவர்களும் பார்ப்பார்கள்? ஐந்து பேரும் மணிக்கணக்கில் பட்டை பார்த்தோம். கடைசியில் உச்சிக்கிளையிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ என் தொப்பியில் இறங்கியது. நிமிர்வதற்குள் ஒரு கறுப்பு முதுகு தாவி மறைந்தது.

வேன் ஓட்டி மணியம் தொப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, அது பால் மரம் இல்ல லா. சரக்கு மேல இருக்கு!"

அட்டைக்கு வந்த அதிர்ஷ்டம்

அடுத்து வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. ஆப்பிரிக்க மலையில் கொரில்லாவையே கிட்டத்தில் பார்த்தவர். இந்த முறை நான் மேலேயே பார்த்து நடந்தேன். அதனால் இரண்டு தடவை ஓடையில் விழுந்தேன். மழை. சியாமாங் சத்தம்கூட இல்லை. அட்டைகள் மட்டும் குடும்பத்தோடு வந்தன. அந்த அம்மா காலுறையைக் கழற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கொரில்லா என்னைத் திரும்பியாவது பார்த்தது. இங்கே அட்டைக்கு மட்டும்தான் என்மேல் ஆசை."

அதோடு விடவில்லை. மறுநாளும் வருவேன் என்றார். தவுக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோட்டத்தில் எனக்குத் திரும்பிப் போக ஒரு மரம்கூட இல்லை என்பது அவருக்கும் தெரியும். "நாளைக்கும் காட்டலன்னா நீ வீட்டுக்குப் போலாம்."

எட்டு மணிப் பெரட்டு

மறுநாள் மழை விட்டிருந்தது. மலையடிவாரத்தில் நின்றோம். எட்டு மணியாகியும் காடு வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். தவுக்கே என்னைப் பார்த்தார். தோட்டத்தில் விடியுமுன் எங்களை வரிசையில் நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவாரே, அந்தப் பெரட்டுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதே ராகத்தில் இழுத்தேன். கோபத்தில் கங்காணி பேரையே முதலில் போட்டேன்.

"வீராசாமீ...!"

மேலே ஒரு குரல் உறுமியது. "செல்லம்மா...!" என்றேன். இன்னொரு குரல் கிறீச்சிட்டது. பிறகு நான் மூச்சு விடுவதற்குள் ஆணும் பெண்ணும் சேர்ந்து மலையே அதிரக் கத்திக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் அத்திமரத்தில் வந்து இறங்கின. "சின்னராசு!" என்றதும் தாய் வயிற்றில் தொங்கிய குட்டி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கியது. சத்தியமாகத் தூக்கியது! அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தவுக்கே என் தோளில் கை போட்டார்.

மணியம் மட்டும் கேட்டான்: "ஏண்ணே, தோட்டத்துல உங்க பேரக் கூப்பிட்டப்ப நீங்க ஒரு நாளாச்சும் இவ்ளோ சுறுசுறுப்பா பதில் சொல்லியிருக்கீங்களா?"

பால் வெட்டியவன் குரங்குகளுக்குக் கங்காணி ஆனதுதான் என் உத்தியோக உயர்வு. ஆனால் நிஜ வீராசாமி சித்தியவானில் மகன் வீட்டில் நல்ல திடமாக இருக்கிறாராம், அதனால் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.