கடைசிப் பாட்டுக்கு ஒரு குரல்

நளீருக்குக் கல்முனைக் கடைத்தெருவில் பெயின்ட் கடை. கடையில் அவன் அதிகம் கதைக்கமாட்டான். ஆனால் அவன் குரலைத் தெரியாத வீடு அந்தப் பகுதியில் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் சொல்கிறவன் அவன்தான். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் காலமானார் என்று அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது, கறி கிளறுகிறவர்களும் அகப்பையை வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள்.

அந்தக் குரலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கொழும்பில் இருந்த காலத்தில் நளீர் ஒரு ஹார்ட் ராக் குழுவில் தொண்டை கிழியப் பாடியவன். குழு சண்டை பிடித்துப் பிரிந்தது. நாற்பதை நெருங்கும் வயதில், தனியே ஒரு அல்பம் போடாமல் கண்ணை மூடமாட்டேன் என்று பிடிவாதமாய் நின்றான். காரைதீவில் சிநேகிதன் பிரசாந்தின் நெல் களஞ்சியம்தான் ஸ்டூடியோ. கிற்றாரும் டிரம்ஸும் பிரசாந்த். அடுக்கிய மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும். மனைவி றிப்னாவுக்கு இது தெரியும், பள்ளிவாசல் நிருவாகத்துக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து கடைசிப் பாட்டு மட்டும் இழுபட்டது. அதன் நடுவில் இசை அடங்கி ஒரு ஜனாஸா அறிவித்தல் வர வேண்டும். ஊரில் இல்லாத ஒரு பெயரை வைத்து நளீர் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். சரிவரவில்லை.

"மச்சான், நீ பொய்யாச் சொல்றாய். கேட்டா விளங்குது" என்றான் பிரசாந்த்.

போனைச் சட்டைப்பைக்குள் பதிவில் போட்டு, உண்மையான அறிவித்தலையே எடுத்துவிடலாம் என்ற கெட்ட யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. பெயரை வெட்டிவிட்டால் யாருக்கும் பாவமில்லை என்று மனதைச் சமாதானப்படுத்தினான். பிறகு காத்திருந்தான். யாருக்குச் சுகமில்லை, யாரை ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் விசாரித்தான். இரக்கமுள்ள மனிசன் என்று ஊர் நினைத்தது. தங்கை வீட்டிலிருந்த அவன் தாய் சல்மா உம்மா திடமாகத்தான் இருந்தார். அந்த விசாரணையில் அவர் நினைவு வரவே இல்லை.

ஒரு கிழவர் தேறிவிட்டார் என்று கேள்விப்பட்டு அவன் முகம் விழுந்ததை றிப்னா கண்டாள். அவளுக்குப் பயம் பிடித்தது.

"இந்தப் பாட்ட உட்டுருங்க. இது நல்லதுக்கில்ல" என்றாள்.

அவன் விடவில்லை.

ஒரு பின்னேரம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கடைக்கு ஆள் அனுப்பினார். ஒரு ஜனாஸா, உடனே வரட்டாம். நளீரின் நெஞ்சு துள்ளியது. அது சந்தோசம்தான், அதற்கு வேறு பெயர் இல்லை. இடையில் அழைப்பு வந்து பதிவைக் கெடுத்துவிடாமல் போனை ஃப்ளைட் மோடில் போட்டு, பதிவை அழுத்திப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினான். றிப்னா திரும்பத் திரும்ப எடுத்த அழைப்பு ஒன்றும் அவனை எட்டவில்லை.

மைக்கடியில் நின்ற மோதினார் அவன் தோளைப் பிடித்தார்.

"மகன், ஒங்கட உம்மா மௌத்தாகிட்டா."

இருந்த இருப்பில் போய்விட்டாராம். நளீர் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ஊட்ட போங்க. நான் சொல்றன்" என்றார் மோதினார்.

"இல்ல. நானே சொல்றன்."

சொன்னான். தாயின் பெயர் வந்த இடத்தில் குரல் உடைந்து, மீண்டும் எழுந்தது. தெருவில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று மோதினார் கண்ணைத் துடைத்தார். நளீர் தலையைக் குனிந்தபடி படியிறங்கினான். பைக்குள் போன் இன்னும் பதிந்துகொண்டிருந்தது. இந்தமுறை சரியாக வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும்.