நாக்குக்கு அடியில்

முதலில் மாறியது டீயின் ருசி. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில வாரங்களில், அக்கா காலையில் தரும் டீயில் ஒரு கசப்பு தங்குவதாக எனக்குப் பட்டது.

டீயில் எதையோ கலக்கிறார்கள் என்று முன்பும் சொன்னவன் நான். அப்போது சந்தேகம், நான் தினமும் டீ குடித்த பேக்கரிக்காரர் மேல். அது மனச்சிதைவு (நடக்காத ஒன்றுக்குப் புலன்களே சாட்சி சொல்லும் நோய்) என்றார்கள். ஆகவே இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

குன்னூரில் ஒரு நாளிதழின் செய்தியாளனாக இருந்தேன். மனநோயாளிகளை மருத்துவமனையில் நெடுங்காலம் அடைத்து வைக்காமல், சமூகத்தின் நடுவே பராமரிக்க வேண்டும் என்ற அரசின் கொள்கை எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது அந்தச் செய்தியை எழுதியது நான்தான். நல்ல கொள்கை. அதில் ‘சமூகம்’ என்பது யார் என்று மட்டும் எங்கும் சொல்லப்படவில்லை. நானே நோயாளியாக வீடு திரும்பியபோது விடை தெரிந்தது. அது என் அக்கா.

அக்கா வெடிமருந்து செய்யும் அரசுத் தொழிற்சாலையில் குமாஸ்தா. கணவர் இறந்துவிட்டார். குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவர்தான். நான் வந்த பிறகு பக்கத்து வீடுகளின் கதவுகள் பகலிலும் சாத்தியிருந்தன. மாதம் ஒருமுறை ஊட்டியிலிருந்து மனநலக் குழுவின் வேன் எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும். சாலையில் மண் சரிந்தால் வராது. ஒரு வேனுக்கும் அடுத்த வேனுக்கும் நடுவில் அரசின் கொள்கையை அவள் ஒருத்திதான் நடத்தினாள்.

மாத்திரை போட்டால் என் கை நடுங்கும். அதனால் நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்பிவந்தேன். அது அவளுக்குத் தெரியும். மாத்திரை நின்றால் நோய் திரும்பும், திரும்பினால் மறுபடி அந்த வார்டுதான் என்பது எனக்கும் தெரியும்.

சந்தேகத்தை அப்படியே எழுதாதே, சோதித்துவிட்டு எழுது என்பது தொழில் கற்றுத் தந்த பழக்கம். ஒரு காலையில் அக்கா டீயை ஊற்றி வைத்துவிட்டுப் பால் வாங்க வாசலுக்குப் போனாள். என் டம்ளரின் விளிம்பு நசுங்கியிருக்கும். அதை அவள் இடத்தில் வைத்து, அவளுடையதை நான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தவள் நசுங்கிய டம்ளரைப் பார்த்தாள். எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றினாள்.

“ஈ உழுந்திருச்சு.”

“இந்தப் பனியில ஈ ஏதுக்கா?”

தொட்டியில் தேயிலைத் தூளோடு வெள்ளை வண்டலும் படிந்திருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. என் நாக்கு பொய் சொல்லவில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே பயம் வந்தது. இது உண்மையென்றால், பேக்கரிக்காரர் கலந்ததும் உண்மைதானா?

அடுத்த முறை வேன் வந்தபோது டாக்டரிடம் சொன்னேன். இளவயதுப் பெண். டீயில் கலந்து கொடுக்கச் சொன்னது யார் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா, டாக்டருக்குப் பின்னால் நின்ற நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தார்.

“நானாத்தாங்க பண்ணுனேன்,” என்றாள் அக்கா.

டாக்டர் திட்டவில்லை. மருந்தின் அளவைக் குறைத்து, நடுக்கத்துக்குத் தனியாக ஒன்று எழுதினார். “தெரியாம குடுத்தா மருந்து உள்ள போயிருங்க. ஆனா அப்புறம் சோத்தையும் நம்ப மாட்டார், உங்களையும் நம்ப மாட்டார்,” என்றார்.

வெளியே வந்ததும், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். “அந்த நர்ஸம்மாளையும் பகைச்சுக்கிட்டா அடுத்த மாசம் நம்மளை யாருடா எட்டிப் பாப்பாங்க?” என்றாள். பேருந்து நிறுத்தத்தில் கேட்டாள்: “நான் வேலைக்குப் போனதுக்கப்புறம் நீ துப்ப மாட்டீன்னு எனக்கெப்படித் தெரியும்?”

“உங்க பேக்டரி கேட்டுல எப்படித் தெரியுது?”

அவளுடைய தொழிற்சாலை வாசலில் தினமும் எல்லோரையும் தடவிச் சோதிப்பார்கள். ஒரு தீக்குச்சி உள்ளே போனால் போதும்.

“அங்க பெரிய ஆபீசரையும்தான் சோதிக்கறாங்க. யாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறதில்ல,” என்றாள்.

“அப்ப என்னையும் சோதிச்சுப் பாரு. நானும் உன்னச் சோதிப்பேன்.”

இப்போது டீ போடுவது நான். ஒரே பாத்திரம், இரண்டு டம்ளர். அக்கா முதலில் குடிப்பாள். பிறகு அவள் முன்னால் மாத்திரையை விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். “ம், உள்ள போலாம்,” என்பாள், வாசல் காவலர் குரலில்.

இதைப் படிக்கும் நீங்கள் வீட்டில் ரகசியமாகக் கலந்து கொடுப்பவராக இருக்கலாம். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த டம்ளரோடு உங்களைத் தனியாக விட்டது யார் என்பதுதான் என் கேள்வி.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். நடுக்கம் குறைந்திருக்கிறது. என் வாய் எனக்கு மட்டும் சொந்தமான இடமாக இல்லை. காலண்டர் தாள் மாறினாலும் வேன் வந்தால்தான் எங்களுக்கு மாதம் பிறக்கும். பேக்கரியில் பன் வாங்குகிறேன். பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்கிறேன்.

நேற்று டீ கசந்தது. தூளை நான்தான் அதிகம் போட்டிருந்தேன். அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும், அக்கா தன் டம்ளரைக் காலி செய்து கீழே வைக்கும்வரை காத்திருந்தேன்.